பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு மறுவாழ்வு



பாகான் டாலாமிலிருந்து பட்டர்வொர்த் படகுத்துறைக்கு வந்து மேற்கே திரும்பினால், நீருக்கு அப்பால் பினாங்குத் தீவு தெரிகிறது. கொம்தார் கோபுரம் முதலில் கண்ணில் படும். அதன் காலடியில் செந்நிற ஓட்டுக் கூரைகள் நெருக்கமாகக் கிடக்கும். ஃபெரியில் ஏறினால் சிறிது நேரப் பயணந்தான். ‘பாகான்’ என்ற மலாய்ச் சொல்லுக்கே படகுத்துறை என்றுதான் பொருள். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே போய்வந்து பிழைத்தவர்கள் நம்மவரில் ஏராளம்.

தைப்பூசத்திற்குத் தோட்டத்திலிருந்து பினாங்குக்குப் போகாத குடும்பம் உண்டா? பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது கூட்டத்தில் இடிபட்டு நின்றிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது, ரதத்தைப் பார்த்த கண்ணைச் சற்று மேலே உயர்த்திப் பாருங்கள். கீழே புடவைக் கடை, பாத்திரக் கடை, பாட்டுச் சத்தம். சில கடைகளின் மாடியிலோ மரச் சன்னல்கள் மூடியே கிடக்கும். ஓட்டின் இடுக்கில் ஓர் ஆலங்கன்று துளிர்த்திருக்கும். கீழே திருவிழா, மேலே ஆளில்லை. ஆளில்லாத இந்த வீடுகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ஒரு நகரம் அவற்றைச் செப்பனிட்டுத் தெருவுக்கு மறுபடி உயிர் கொடுக்க முடியுமா? முடியும் என்பதற்கும், அதில் எங்கே தவறு நேரும் என்பதற்கும், நம் கண்ணெதிரே இருக்கும் ஜார்ஜ் டவுனே பாடமாக அமைந்திருக்கிறது.

ஆளில்லாத வீடு எப்படிக் கெடும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. லயத்தில் ஒரு வீடு காலியானால், ஒரு மழைக்காலத்துக்குள் வாசலில் லாலான் முளைத்துவிடும். அடுத்தது கதவு போகும், பிறகு தகரம் போகும். நிபோங் திபாலுக்கு அருகே கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் குடும்பத்தாரின் பெரிய பங்களாவை அந்தப் பக்கத்தார் அறிவார்கள். தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை என்று பெயர். துரை குடும்பம் போன பின் அது பாழாய்க் கிடந்தது. அங்கே பேய் இருப்பதாகக் கதை கட்டி, இரவில் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. வீட்டைக் காலியாக விட்டால் பேய்க்கதை தானாகக் குடிவந்துவிடும்!

நகரத்துக் கடைவீட்டின் சங்கதி இன்னும் சிக்கலானது. அது தனியாக நிற்பதில்லை. ஒரே வரிசையில் பத்து, இருபது வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் பொதுச் சுவர். முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கும் அஞ்சடி. உள்ளே நீளமாகப் போனால் நடுவில் திறந்த முற்றம். வெளிச்சமும் காற்றும் அங்கேதான் இறங்கும். மாடித் தளமும் படியும் மரம். இத்தகைய வீட்டின் கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால் போதும். குடியிருப்பவர் இருந்தால், ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துவிட்டு மறுநாளே ஏணியைத் தேடுவார். ஆள் இல்லாவிட்டால் அந்தச் சொட்டு உத்திரத்தின் முனையில் இறங்கும். முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் ஈரம் காய வழியில்லை. மரம் இற்றுப்போகும், கறையான் ஏறும். சில ஆண்டுகளில் மாடித்தளம் தொங்கும். பொதுச் சுவர் என்பதால் ஈரம் அடுத்த வீட்டுக்கும் போகும். அங்கே குடியிருப்பவர் தம் வீட்டை எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் பயனில்லை. ஒரு பூட்டிய வீடு அக்கம்பக்கத்து இரண்டு வீடுகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது.

சரி, இவ்வளவு வீடுகள் ஏன் காலியாயின? இதற்கு ஒரு சட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

போர் முடிந்த காலத்தில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வாடகையை மனம்போல் ஏற்றக் கூடாதென்று அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டு வந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தியது. வாடகையை உயர்த்துவதும் குடியிருப்பவரை வெளியேற்றுவதும் எளிதல்ல என்றாயிற்று. நாட்டிலேயே இத்தகைய வீடுகள் மிகுதியாக இருந்த இடம் பினாங்கு. இதனால் ஏழைக்குப் பட்டணத்தின் நடுவிலேயே தங்க இடம் கிடைத்தது. ஒரு வீட்டை ஒருவர் எடுத்துப் பலகையால் அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விடுவார். ஒரு மாடியில் ஐந்தாறு குடும்பங்கள். துறைமுகத்தில் தொங்கானில் மூட்டை தூக்கியவர், நகராண்மைக் கழகத்தில் வேலை செய்தவர், கடைச் சிப்பந்தி எல்லாருக்கும் நடக்கும் தூரத்தில் வேலையும் வீடும் அமைந்தன.

ஆனால் வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. கிடைக்கும் வாடகை ஓடு மாற்றக்கூடக் காணாது என்றால், அவர் ஏன் ஓடு மாற்றுவார்? வீடுகள் இடிபடாமல் நின்றதற்கும், பழுது பார்க்கப்படாமல் நலிந்ததற்கும் அந்த ஒரே சட்டந்தான் காரணம். பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை 1969இல் இழந்தபோது தீவின் வணிகமும் சுருங்கியது. எழுபதுகளில் கொம்தாருக்காகத் தெருக்கணக்கில் பழைய வீடுகள் தரைமட்டமாயின. எஞ்சியவை அப்படியே நின்றன.

1997இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. பழகிக்கொள்ளக் கொஞ்ச காலம் கொடுத்து, 2000 ஜனவரி முதல் தேதியோடு கட்டுப்பாடு முழுவதும் தீர்ந்தது. வாடகை பல மடங்கு ஏறியது. ஆயிரக்கணக்கானோர் நகர நடுவை விட்டு வெளியேறினர்.

பாகான் டாலாம் அடுக்குமாடி ஒன்றில் இருக்கும் மூதாட்டி ஒருவரோடு ஒரு மாலைநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவரும் அப்படி வெளியேறியவர்தான். தோட்டத்தில் பிறந்து, கலியாணமாகிப் பினாங்குக்குப் போனவர். கணவர் துறைமுகத் தொழிலாளி. கிங் ஸ்திரீட்டில் ஒரு மாடி அறை, ஆறு குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய். “குழாயடியில சண்டை போடாத நாளே கிடையாது தம்பி. ஆனா எனக்கு நாலு பிள்ளைப்பேறும் அந்த மாடியிலதான். ஒவ்வொரு தடவையும் அந்தச் சண்டை போட்ட பொம்பளைங்கதான் வந்து நின்னாங்க” என்றார். 1999 கடைசியில் கடிதம் வந்தது. புதிய வாடகையைக் கேட்டதும் சாமான்களைக் கட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் மீது கோபமில்லையா என்று கேட்டோம். “அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல” என்று மட்டும் சொன்னார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குடியிருந்தவர்களை வெளியேற்றிய வீடுகள் எல்லாவற்றுக்கும் உடனே புதுக் குடித்தனம் வந்துவிடவில்லை. பழுதான வீட்டுக்கு யார் அதிக வாடகை கொடுப்பார்? பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைக் குரலை ஒலிக்க விட்டு, கூட்டுக்காக உழவாரன் குருவி வளர்த்தார்கள். சீன மருந்துக்கும் சூப்புக்கும் போகும் அந்தக் கூட்டுக்கு நல்ல விலை உண்டு. மனிதன் இருந்த இடத்தில் குருவி குடியேறியது. எச்சமும் ஈரமும் பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையாயின. இறுதியில் மாநில அரசு தலையிட்டு, 2013 முடிவுக்குள் மரபுடைமைப் பகுதியிலிருந்து குருவி வீடுகள் வெளியேற வேண்டுமென்று உத்தரவிட்டது.

‘மரபுடைமைப் பகுதி’ என்றோமே, அது என்ன? 2008 ஜூலை 7ஆம் தேதி, யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலக மரபுடைமைப் பட்டியலில் எழுதியது. ஜார்ஜ் டவுனில் மையப் பகுதியும் அதைச் சூழ்ந்த காப்புப் பகுதியுமாக 259 ஹெக்டர். ஏக்கரில் சொன்னால் சுமார் 640. ஒரு நடுத்தரத் தோட்டத்தின் பரப்புத்தான். அதற்குள் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில், சீனக் குலச்சங்கங்களின் கொங்சிகள், இவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான கடைவீடுகள். இனி இவற்றை நினைத்தபடி இடிக்க முடியாது. இடிக்க முடியாதென்றால் செப்பனிட்டுத்தான் ஆகவேண்டும்.

அது முடியும் என்று முன்பே காட்டியிருந்த ஒரு கட்டடம் லெய்த் ஸ்திரீட்டில் இருக்கிறது. சியோங் ஃபாட் சே என்ற சீனப் பெருவணிகர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மாளிகை அது. அவருடைய கடைசி மகன் 1989இல் மறைந்தபோது மாளிகை பாழ்பட்டு, பல ஏழைக் குடும்பங்கள் ஒண்டியிருக்கும் இடமாக இருந்தது. கட்டடக்கலைஞர் லாரன்ஸ் லோவும் அவரைச் சேர்ந்தவர்களும் அதை வாங்கித் தொண்ணூறுகளில் பழைய முறைப்படியே செப்பனிட்டனர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது அதற்குக் கிடைத்தது. அதன் சுவர் ஆழ்ந்த நீலம். பெயின்ட் அல்ல, சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசியது. துணிக்கு நீலம் போடுவோமே, ஏறத்தாழ அந்தக் கதைதான்.

இந்தச் சுண்ணாம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பழைய வீட்டைச் செப்பனிடக் கிளம்புகிறவர்களில் பலர் தவறு செய்யும் இடம் இதுதான்.

பழைய செங்கல் சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல ஈரம் சுவரில் மேலேறும். முன்னோர் இதை அறிந்துதான் சுண்ணாம்புச் சாந்தால் கட்டி, சுண்ணாம்பாலேயே பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அவற்றின் வழியே காற்றில் போய்விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். இப்போது ஒருவர் ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று மேலே சிமெண்டு பூசி, பளபளப்பான பெயின்டும் அடித்துவிடுகிறார். வெளியே போக வழி இல்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. நிலத்து உப்பும் கூடவே ஏறிப் பூச்சுக்கு அடியில் பொரிந்து நிற்கிறது. இரண்டு மூன்று ஆண்டில் பூச்சு உப்பி, பாளம் பாளமாக உதிர்கிறது. அடியில் செங்கல்லும் பொடியாகிறது. சிமெண்டின் மேல் நமக்குப் பகை ஒன்றும் இல்லை. புதிய வீட்டுக்கு அது நல்லது. பழைய சுவருக்கு அது கழுத்தை நெரிக்கும் சட்டை.

சுண்ணாம்பு வேலை நம் முன்னோரின் கைப்பழக்கம் என்பதையும் நேயர்கள் அறிந்திருக்க வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து தமிழ்நாட்டுக் கோயில்களில் பயின்ற ஒன்று. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கரு கலந்த பூச்சு இன்றும் கண்ணாடியாய் மின்னுகிறது. அந்தக் கலை கடல் கடந்தும் வந்தது. சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் கட்டி எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து அவர்கள் சுவரைப் பூசினார்கள். ‘மதராஸ் சுண்ணாம்பு’ என்றே அதற்குப் பெயர். இன்று அந்தக் கை தெரிந்த கொத்தனாரை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. நம் இளைஞர்களில் கொத்து வேலை பழகுகிறவர்கள் இதைக் கற்றுக்கொண்டால் வேலைக்குக் குறைவிருக்காது என்று நமக்குத் தோன்றுகிறது.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கூரை. சுவர் அழகையும் தரையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூரை ஒழுகாமல் நின்றால் வீடு தானே காயத் தொடங்கும். ஆலங்கன்றை வெட்டினால் மட்டும் போதாது. வேர் சுவருக்குள் இருக்கும்வரை அது மறுபடி துளிர்க்கும். வேரைக் கொன்று எடுத்துவிட்டுத்தான் விரிசலை அடைக்க வேண்டும். இற்ற உத்திரத்தின் முனையை மட்டும் அறுத்துப் புதுக்கட்டை பொருத்தலாம். முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மின்கம்பிகளைப் புதிதாக இழுக்க வேண்டும். பழைய கம்பியும் மரத்தளமும் சேர்ந்தால் தீக்கு விருந்து.

இதற்கெல்லாம் பணம்? 2009இல் கசானா நேஷனலின் கீழ் ‘திங்க் சிட்டி’ என்ற நிறுவனம் அமைந்தது. ஜார்ஜ் டவுனுக்கென்று 2 கோடி வெள்ளி மானிய நிதி அதன் கையில் கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரர் ஒரு பங்கு போட்டால், நிதியிலிருந்து ஒரு பங்கு வரும். சும்மா கொடுத்தால் அக்கறை இருக்காது, கொடுக்காவிட்டால் வேலையே தொடங்காது என்ற கணக்கு. கூரைகள் செப்பனிடப்பட்டன, அஞ்சடிகள் சீராயின, மூடிய கதவுகள் சில திறந்தன. மாநில அரசு அமைத்த ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நிறுவனம், எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று வழிகாட்டியது. 2012இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளை எர்னெஸ்ட் சகாரெவிச் என்ற ஓவியர் சுவரில் வரைந்தார். அதைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வந்த கூட்டத்தில் தெருவே அடைத்துக்கொண்டது.

ஆக, வீடுகள் பிழைத்தன. ஆனால் நேயர்களே, கதை இங்கே முடிந்துவிடவில்லை.

செப்பனிட்ட வீட்டுக்குச் செலவு ஆகியிருக்கிறது. போட்ட பணத்தை எடுக்க வேண்டும். குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு மாதம் ஒரு தொகை வாங்குவதைவிட, தங்கும் விடுதியாகவோ காப்பிக் கடையாகவோ மாற்றினால் வருமானம் பல மடங்கு. சிங்கப்பூரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பணம் கொண்டுவந்து வரிசை வரிசையாக வீடு வாங்கியவர்களும் உண்டு. 2009இல் மரபுடைமைப் பகுதியில் குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். நான்கு ஆண்டுக்குப் பின் கணக்கெடுத்தபோது பல நூறு பேர் குறைந்திருந்தனர். வீடுகளுக்கு உயிர் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இந்தக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

விடுதியில் தங்குகிறவர் இரண்டு நாள் இருப்பார். அவர் முடிவெட்டக் கடைக்குப் போகமாட்டார், மளிகைக் கடையில் அரைக் கிலோ பருப்பு வாங்கமாட்டார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கமாட்டார், மார்கழி விடியலில் கோயிலுக்கு வரமாட்டார். கோயிலும் பள்ளிவாசலும் கொங்சியும் சும்மா கட்டடங்களாக அங்கே எழவில்லை. சுற்றிலும் குடியிருந்தவர்களால்தான் எழுந்தன. இன்று பூசைக்கு வரும் பலர் ஃபெரியிலும் பாலம் வழியாகவும் வந்து, கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

நாம் சொன்ன மூதாட்டி, பேரனோடு தம் பழைய வீட்டைப் பார்க்கப் போயிருக்கிறார். அது இப்போது விடுதி. உள்ளே விட்டார்களாம். “படிக்கட்டு அதேதான் தம்பி. நாலாவது படி கிரீச்சுன்னு சத்தம் போடும். அதையும் அப்படியே வெச்சிருக்காங்க” என்றார். ஓர் இரவுக்கு என்ன கட்டணம் என்று பேரன் கேட்டுச் சொன்னானாம். அந்தத் தொகையில் தாம் எத்தனை மாதம் வாடகை கொடுத்திருப்போம் என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாராம். செப்பனிட்டவர்களை அவர் குறை சொல்லவில்லை. “நல்லாத்தான் வெச்சிருக்காங்க” என்று இரண்டு முறை சொன்னார்.

இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்ட ஊர்கள் உண்டா? இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற துறைமுக நகரம். அதற்கும் நம்மைப் போலவே எதிர்க்கரை உண்டு, இடையே ஃபெரியும் உண்டு. கப்பல் வேலை குறைந்தபின் அங்கே தொழிலாளர் வீடுகள் தெருத்தெருவாகக் காலியாயின. 2013இல் அந்நகர மன்றம் சில வீடுகளை ஒரு பவுனுக்கு விற்றது. ஒரே ஒரு பவுன்! ஆனால் நிபந்தனைகள் கடுமை. வாங்குகிறவர் அந்த ஊரில் வாழ்பவராகவோ வேலை செய்பவராகவோ இருக்க வேண்டும். தம் செலவில் செப்பனிட வேண்டும். தாமே ஐந்து ஆண்டு அங்கே குடியிருக்க வேண்டும். விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. விலை வெறும் விளம்பரம். சரக்கு அந்தக் கடைசி நிபந்தனையில்தான் இருக்கிறது.

அதே லிவர்பூலில் கிரான்பி என்ற பகுதி. 1981இல் அங்கே கலவரம் நடந்தது. பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுப் பலகை அடிக்கப்பட்டன. இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் இருந்தது. எஞ்சியிருந்த சில குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள், தாமே தெருவைக் கூட்டினார்கள். மூடிய பலகைகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். பூச்செடித் தொட்டிகள் வைத்தார்கள். மாதம் ஒரு முறை தெருச் சந்தை நடத்தினார்கள். 2011இல் சமுதாய நில அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள். அதன் பொறுப்பில் பத்து வீடுகள் வந்தன. ‘அசெம்பிள்’ என்ற இளம் கட்டடக்கலைக் குழு அவர்களோடு வேலை செய்தது. 2015இல் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் தரப்படும் டர்னர் பரிசு இந்த வேலைக்கே கிடைத்தது. பரிசைவிடப் பெரிது வேறொன்று. அந்த வீடுகளின் விலை அப்பகுதி மக்களின் வருமானத்தோடு பிணைக்கப்பட்டது. சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் அந்த வீடு தொழிலாளியின் கைக்கு எட்டாமல் போகாது.

ஜார்ஜ் டவுனிலும் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. பழைய வீடுகளில் கணிசமானவை கொங்சிகளுக்கும் கோயில்களுக்கும் பள்ளிவாசல் வக்காஃபுக்கும் சொந்தம். அவர்களுக்கு இலாபம் ஒன்றே குறியாக இருக்க வேண்டியதில்லை. தங்கள் வீடுகளில் பாதியையாவது குடும்பங்களுக்கே விடுவதென்று ஒரு கோயில் நிர்வாகம் தீர்மானித்தால், திருவிழாவுக்கு ஆள் தேடி அலைய வேண்டியிராது. மானியம் தருகிறவர்களும் ‘இந்த வீட்டில் இத்தனை ஆண்டு குடித்தனம் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. அது கூரையைக் கொன்றது உண்மை. ஆனால் அதை எடுத்த அன்றே, குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கும் விடை எழுதியிருக்க வேண்டும்.

இக்கரைக்கு வருவோம். பட்டர்வொர்த்தில் ஜாலான் ஜெட்டி லாமா என்றொரு சாலை. பழைய படகுத்துறைச் சாலை என்று பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. துறை இடம் மாறியது. 1985இல் பாலம் திறந்தது. கடைத்தெருவின் கூட்டமும் கரைந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்துக் கடைவீடுகளின் மாடிகள் பல காலி. செபராங் பிறை 2019இல் மாநகர் ஆனது. பழைய கடைவீடுகளின் பின்சந்து ஒன்றை ஓவியச் சந்தாக்கியிருக்கிறார்கள். இந்தப் பின்சந்துகள் எதற்காக வந்தன தெரியுமா? வாளிக் கக்கூசு காலத்தில் வீட்டுக்குள் வராமல் மலம் எடுத்துப் போக விடப்பட்ட வழிகள் அவை. அந்த வேலையில் நம்மவர்கள் எத்தனை பேர் முதுகு வளைந்தார்கள்! இன்று அங்கே பிள்ளைகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் ஓவியம் வரைந்த சுவருக்குப் பின்னால் உள்ள அறையில் இரவு விளக்கு எரிகிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். பாகான் டாலாமில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன, கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கரையில் போனது இங்கே இன்னும் போகவில்லை.

தோட்டத்து நேயர்களுக்கு இதில் நேரடியாகப் படும் செய்தி ஒன்று உண்டு. வேலை முடிந்தால் லயத்து வீட்டை விட்டாக வேண்டும் என்ற அச்சத்தோடு வாழ்ந்து, அரும்பாடுபட்டுப் பலர் பட்டணத்து ஓரத்தில் மலிவுவிலை வீடொன்று வாங்கியிருப்பீர்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பலவற்றின் கதை என்ன தெரியுமா? பட்டாவில் இருப்பது எப்போதோ இறந்துபோன தாத்தாவின் பெயர். பிள்ளைகள் ஐந்து பேர், பேரப்பிள்ளைகள் இருபது பேர். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் இருக்குமிடமே தெரியாது. எல்லாரும் கையெழுத்துப் போடாமல் விற்கவும் முடியாது, வங்கியில் கடன் வாங்கவும் முடியாது, மானியத்துக்கு மனுப் போடவும் முடியாது. சண்டைகூட வேண்டாம், சோம்பலே போதும் ஒரு வீட்டைப் பாழாக்க. பெற்றோர் மறைந்தால் துக்கம் ஆறியதும் முதல் வேலையாக நில அலுவலகத்துக்குப் போங்கள். சிறிய சொத்துகளைப் பகிர்ந்து பெயர் மாற்றித் தர 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அங்கேயே விசாரணை உண்டு. இறப்புச் சான்று, பட்டா நகல், வாரிசுகளின் அடையாள அட்டை எண்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று. உங்கள் வரிசையில் ஒரு வீடு பூட்டிக் கிடந்து, அதன் கூரைக் கானிலும் முற்றத்திலும் மழைநீர் தேங்கினால், ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பொரித்துப் பறக்கத் தொடங்கிவிடும். டெங்கிக் காய்ச்சலுக்கு அடுத்த வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. பூட்டிய வீட்டுக்குள் நீங்களாக நுழைய வேண்டாம். வீட்டு எண், தெருப்பெயர், எங்கே தண்ணீர் நிற்கிறது, எத்தனை நாளாக என்று எழுதி மாநகர் மன்றத்திடமும் சுகாதார இலாகாவிடமும் கொடுங்கள். அக்கம்பக்கத்து நான்கு வீட்டாரின் கையெழுத்தும் இருக்கட்டும். கொடுத்த தேதியைக் குறித்து ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ஆள் வராவிட்டால் அந்த நகலோடு மறுபடி போங்கள்.